தாழ்ப்பாளைத் திற!

"ஹார்ட் அட்டாக்காம்." அந்தச் சாவு வீட்டில் எல்லோர் வாயிலும் இந்த ஒரே வார்த்தைதான். இருபத்திரண்டு வயதுப் பையன். டூவீலர் மெக்கானிக் ஷெட்டில் வேலை. முந்தின நாள் இரவு வேலை முடிந்து வந்தவன், சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போயிருக்கிறான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். அம்மா டி.வி. பார்த்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். விடியற்காலையில் தண்ணீர் பிடிக்க எழுந்தபோதும் குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவை உடைத்தார்கள். உள்ளே கிடந்த ஊசியையும் மாத்திரை அட்டையையும், அக்கம்பக்கத்தார் வருவதற்குள், அப்பா எடுத்து வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார்.

இதை அவர் என்னிடம் சொன்னது பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரித்த பிறகு. "உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்ணே?" என்று கேட்டேன். "ஒரு வருசமாத் தெரியும் தம்பி. யார்கிட்டப் போய்ச் சொல்றது? பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். வெளியே தெரிஞ்சா?"

வெளியே தெரிந்தால் என்ன ஆகியிருக்கும் அண்ணே? நாலு பேர் பேசியிருப்பார்கள். ஒரு வரன் தட்டிப் போயிருக்கும். பையன் உயிரோடு இருந்திருப்பான். இன்றைக்கு ஷெட்டில் யாருடைய வண்டிக்காவது ஆயில் மாற்றிக்கொண்டிருப்பான்.

அவர் கெட்ட தகப்பன் இல்லை. மகனுக்காகக் கடன் வாங்கியவர், கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டவர். அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் இதில் பங்கிருக்கிறது. அந்தப் பையன் சாவதற்கு நாலைந்து மாதத்துக்கு முன்னால் ஒருமுறை என்னிடம் வந்தான். முகம் வெளுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெயிலில் முழுக்கைச் சட்டையோடு நின்றான். "அண்ணா, விட முடியல" என்றான். மேடை மேடையாக "உன்னால் முடியும்" என்று பேசுகிறவன் அல்லவா நான்? அவன் தோளைத் தட்டி, "மனசு வெச்சா முடியும்டா, நாளையிலேர்ந்து தொடாதே" என்று அனுப்பினேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அப்புறம் வரவே இல்லை. உதவி கேட்டு வந்தவனை அறிவுரை சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான். அந்தக் கடனைத்தான் இங்கே எழுத்தில் அடைக்கப் பார்க்கிறேன்.

தம்பி, தங்கச்சி, நீ யாராக இருந்தாலும் கேள். இந்தப் போதை நோய்க்கு எதிரான தன்னம்பிக்கை, பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகப் போராடுவதில் இல்லை. "எனக்கு முடியல, உதவி வேணும்" என்று இன்னொரு மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்வதில் இருக்கிறது. அதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். அபின், அதிலிருந்து வரும் மார்ஃபின், ஹெராயின், பிரவுன் சுகர், வலிக்குத் தரும் டிரமடால், டேபென்டடால், அமெரிக்காவைச் சூறையாடிய ஃபென்டனில் எல்லாம் ஒரே குடும்பம். ஓபியாய்டு என்பது குடும்பப் பெயர். சென்னையிலும் மற்ற ஊர்களிலும் போலீசார் பெட்டி பெட்டியாகப் பிடிக்கிற 'போதை மாத்திரை' என்பது பெரும்பாலும் இந்த வலி மாத்திரைதான். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது. வாய்வழி விழுங்கச் செய்த மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும்போது, அதிலுள்ள மாவும் பசையும் ரத்தக் குழாய்க்குள் போய் அடைக்கின்றன. கை வீங்குகிறது, சீழ் பிடிக்கிறது. அதையும் முழுக்கைச் சட்டைக்குள் மறைக்கிறார்கள்.

எத்தனை பேர் இப்படி? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் எடுத்த தேசியக் கணக்கு 2019-ல் வெளிவந்தது. இந்தியாவில் ஓபியாய்டு பயன்படுத்துவோர் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். அவர்களில் உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கியவர்கள் சுமார் 77 லட்சம். ஊசி வழியாகப் போதை ஏற்றுவோர் சுமார் எட்டரை லட்சம். எழுபத்தேழு லட்சம் வீடுகள் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனை வீட்டிலும் யாரோ ஒருவர் "வெளியே தெரிஞ்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஓபியாய்டு உயிரை எடுப்பது இப்படித்தான். மூச்சு விடு, மூச்சு விடு என்று நம் உடம்பை ஓயாமல் ஏவிக்கொண்டே இருக்கும் ஒரு பகுதி மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. தூக்கத்திலும் அது விழித்திருக்கும். ஓபியாய்டு அளவு மீறினால், அதாவது ஓவர்டோஸ் ஆனால், அதுவும் தூங்கிவிடுகிறது. மூச்சு மெலிகிறது, இடைவெளி கூடுகிறது, நிற்கிறது. சாராயமோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும். தொண்டையில் களகளவென்று குறட்டை போல ஒரு சத்தம் வரும். பல வீடுகளில் அதைக் கேட்டு, "அசந்து தூங்குறான், எழுப்பாதே" என்று போர்வையை இழுத்து விட்டிருக்கிறார்கள். அது தூக்கம் இல்லை அம்மா. அது பிள்ளை போய்க்கொண்டிருக்கும் சத்தம். தட்டி எழுப்புங்கள். பெயர் சொல்லிக் கத்துங்கள். நெஞ்செலும்பின் மேல் முட்டியை வைத்து அழுத்தித் தேயுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டு, "மூச்சு நிக்குது" என்று சொல்லுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஊதுங்கள். மூச்சு திரும்பினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி எடுத்தால் புரையேறாமல் இருக்கும். எலுமிச்சைச் சாறு, மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். குளிர்ந்த நீரில் முக்காதீர்கள். தனியே விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

இந்தச் சாவை முறிக்க ஒரு மருந்து இருக்கிறது. பெயர் நலோக்சோன். 1961-ல் நியூயார்க்கில் ஜாக் ஃபிஷ்மேன், மோசஸ் லெவன்ஸ்டீன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கண்டுபிடித்தது. ஓபியாய்டு மூளையில் எந்த இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறதோ, அங்கிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பும். இதில் போதை கிடையாது, பழக்கமும் ஆகாது. போதை எடுக்காதவருக்குத் தவறிப்போய்க் கொடுத்தாலும் தீங்கு செய்யாது. அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் இதன் வேலை முடிந்துவிடும் என்பதால், எழுந்து உட்கார்ந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இதை 1983 முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஓவர்டோஸைப் பார்க்க நேரும் எவர் கையிலும், நண்பரோ குடும்பத்தாரோ, இது இருக்க வேண்டும் என்று 2014-ல் பரிந்துரையே செய்தது.

ஜாக் ஃபிஷ்மேனின் சொந்த வாழ்க்கையில் நடந்ததைக் கேளுங்கள். அவர் மனைவியின் மகன் 2003-ல் ஹெராயின் ஓவர்டோஸில் இறந்துபோனார். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளைப் பிழைக்க வைத்த மருந்து, அதைக் கண்டுபிடித்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. மருந்து உலகத்தில் இருந்தால் போதாது. அந்த அறையில் இருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் அது பெரும்பாலும் மருத்துவமனை ஊசி மருந்தாகவே இருக்கிறது. வீட்டு அலமாரிக்கும், தெருமுனை மருந்துக்கடைக்கும், பையன்கள் கூடும் மைதானத்துக்கும் இன்னும் வந்து சேரவில்லை. அமெரிக்காவிலும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. அந்த நிலையை அங்கே உடைத்தது யார் தெரியுமா? ஊர் ஒதுக்கிவைத்த கூட்டம்.

சிகாகோவில் டான் பிக் என்றொரு மனிதர். போதை ஊசி எடுப்பவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுக்கும் அமைப்பை நண்பர்களோடு நடத்தி வந்தார். 1996-ல் அந்த நண்பர்களில் ஒருவர் ஓவர்டோஸில் இறந்தார். அதற்குப் பிறகு டான் பிக் யார் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. நலோக்சோனை வாங்கி, போதை எடுப்பவர்கள் கையிலேயே கொடுத்து, கூட இருப்பவன் விழுந்தால் எப்படிப் போடுவது என்று தெருவில் நின்று சொல்லிக் கொடுத்தார். 'போதைக்காரன் கையில் மருந்தா, இது இன்னும் எடுக்கத்தான் தூண்டும்' என்று சொன்னவர்கள் உண்டு. நடந்தது வேறு. 1996 முதல் 2014 நடுப்பகுதி வரை அமெரிக்காவில் இப்படிச் சாதாரண மக்கள் கையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் போய்ச் சேர்ந்தன. அவர்கள் மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்ததாகத் தெரிவித்தது 26,463 முறை. கணக்கு அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யுடையது. யாரைக் கண்டால் ஊர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதோ, அவர்கள் காப்பாற்றிய உயிர்கள் அவை. 2023 மார்ச்சில் நலோக்சோன் மூக்குத் தெளிப்பானைச் சீட்டில்லாமல் கடையில் விற்கலாம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. தெருவில் தொடங்கியதை அரசு ஒத்துக்கொள்ள இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. அங்கே போதைப் பொருள் மிகையால் 2023-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024-ல் அது சுமார் 80,000 ஆகக் குறைந்ததாக முதற்கட்டக் கணக்கு சொல்கிறது. காரணங்கள் பல. மருந்து மக்கள் கைக்கு வந்தது அவற்றில் ஒன்று.

டான் பிக் 2018-ல் இறந்தார். அவர் இறந்ததும் ஓவர்டோஸில்தான். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனமில்லை. மறைப்புதான் இந்த நோயின் உரம். ஆயிரக்கணக்கானவர்களை எழுப்பிவிட்டவர் என்பதும் உண்மை, தானே விழுந்தார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே அவரை நான் வணங்குகிறேன்.

அமெரிக்கக் கதை வேண்டாம் என்கிறீர்களா? நம் மணிப்பூருக்கு வாருங்கள். பர்மா எல்லை வழியாக 'நம்பர் ஃபோர்' என்று அழைக்கப்பட்ட ஹெராயின் 1980-களில் இம்பால் தெருக்களுக்குள் வெள்ளமாக வந்தது. ஒரே ஊசியைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 1989-ன் கடைசியில் எச்.ஐ.வி. தலைகாட்டியது. ஆறே மாதத்தில், பரிசோதித்த ஊசிப் பழக்கக்காரர்களில் பாதிப் பேருக்கு அது தொற்றியிருந்தது. அந்தப் பிள்ளைகளை என்ன செய்தார்கள்? சங்கிலி போட்டார்கள். பெற்றவர்களே பாதுகாப்பு என்று நினைத்துச் சிறையில் கொண்டுபோய் விட்டார்கள். ஆயுதக் குழுக்கள் காலில் சுட்டன. இவை எதுவும் ஹெராயினை நிறுத்தவில்லை.

அந்த இருட்டில், 1990-களின் தொடக்கத்தில், பழக்கத்திலிருந்து மீண்ட சில இளைஞர்கள் ஒன்றுகூடி சாசோ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். படித்துப் பட்டம் வாங்கிய சமூக சேவகர்கள் அல்லர் அவர்கள். தாங்களே ஊசி போட்டுப் புண்ணாகிப் போன கைகளோடு மற்றவர்களின் புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். சுத்தமான ஊசி கொடுத்தார்கள், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார்கள். இந்தியாவிலேயே முதல் மாநிலமாக மணிப்பூர் 1996-ல், தண்டனைக்குப் பதிலாகத் தீங்கைக் குறைப்பதைத் தன் எய்ட்ஸ் கொள்கையில் எழுதிக்கொண்டது. பின்னால் நலோக்சோனும் அங்கே களப்பணியாளர்கள் கைக்கு வந்தது. தம்பி, இதை உனக்காகத்தான் சொல்கிறேன். 'நான் கெட்டுப் போனவன், என்னால் யாருக்கு என்ன லாபம்' என்று நினைக்கிறாய் அல்லவா? உன்னைப் போல் கெட்டுப் போனவர்கள் என்று ஊர் எழுதித் தள்ளியவர்கள்தான் ஒரு மாநிலத்தின் கொள்கையை மாற்றினார்கள்.

இனி, என்னைப் போன்ற மேடைப் பேச்சாளர்கள் வளர்த்துவிட்ட ஒரு பொய்யைப் பற்றி. 'மன உறுதி இருந்தால் போதும்.' இந்தச் சொல் எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது தெரியுமா? ஓபியாய்டு பழகிய உடம்பில் மருந்து நின்றதும் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைகிற வலி எல்லாம் வரும். உடம்பையே முறுக்கிப் பிழிந்துபோடும். அதைப் பொறுத்துக்கொண்டு பத்து நாள் கடந்தவன் வீரன்தான். ஆனால் அந்தப் பத்து நாளில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு மாதம் கழித்து, ஒரு மோசமான மாலையில், பழைய அளவையே எடுக்கிறான். அதுதான் கடைசி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் ஓவர்டோஸில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 129 மடங்கு. அடைத்துவைத்தால் திருந்திவிடுவான் என்று நம்புகிற ஒவ்வொரு தகப்பனும் இந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் வழி? மருந்து. ஆமாம், போதை நோய்க்கு மாத்திரை. 1960-களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் மெதடோன் என்ற மருந்தைக் கொடுத்து, ஹெராயினில் சிக்கியவர்களை வேலைக்கும் வீட்டுக்கும் திருப்பி அனுப்பிக் காட்டினார்கள். பிறகு புப்ரனார்ஃபின் வந்தது. நாக்கடியில் கரையும் மாத்திரை. ஏக்கத்தை அடக்கும், முறுக்கலை நிறுத்தும். சரியான அளவில் எடுப்பவர் தலை தெளிந்து, வண்டி ஓட்டி, கணக்குப் பார்த்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வர முடியும். "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: சர்க்கரை நோயாளி தினமும் இன்சுலின் போடுவதை எந்த ஊரில் கோழைத்தனம் என்கிறார்கள்? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த கணக்கின்படி, மெதடோன் சிகிச்சையில் இருக்கும்போது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இறப்பவர் சுமார் 11. சிகிச்சையை விட்ட காலத்தில் 36. பிரான்ஸ் 1995-ல் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே புப்ரனார்ஃபின் எழுதலாம் என்று விட்டது. நான்கே ஆண்டில் ஓவர்டோஸ் சாவுகள் 79 விழுக்காடு குறைந்தன. பக்கத்துத் தெரு டாக்டர் எழுதிக் கொடுத்தார், மக்கள் பிழைத்தார்கள்.

அமெரிக்காவில் நடந்த கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். அடிமையாக்கும் வலி மாத்திரையை எழுத அங்கே டாக்டருக்குத் தனி அனுமதி தேவைப்படவில்லை. அதிலிருந்து மீட்கும் புப்ரனார்ஃபினை எழுதத் தனி அனுமதி தேவைப்பட்டது. பள்ளத்தில் தள்ள உரிமை உண்டு, தூக்கிவிட உரிமம் வேண்டும். 2022 டிசம்பரில்தான் அந்தத் தடை நீங்கியது. இடையில் போன உயிர்களுக்கு யார் பதில் சொல்வது?

நம் பஞ்சாப் 2017 அக்டோபரில் புறநோயாளிச் சிகிச்சை நிலையங்களைத் திறந்தது. இன்று ஐந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. உள்ளே படுக்க வேண்டாம், வந்து மாத்திரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். ஆனால் தினமும் வந்து, ஊழியர் கண் முன்னால் நாக்கடியில் கரைக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கூலி வேலைக்காரன் தினமும் பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்க முடியுமா? நின்றால் அன்றைய கூலி போச்சு. 2020 கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல் பல நாள் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தார்கள். தடை என்றால் பெரிய மதில் என்று நினைக்கிறோம். சில நேரம் அது ஒரு பஸ் டிக்கெட்தான்.

இங்கே இன்னொரு தடையும் இருக்கிறது, அதைச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்குகிறது. மறுவாழ்வு மையம் என்று பலகை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கட்டிவைத்து அடிக்கும் இடங்கள். ஒரு தாய் தன் தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டிச் சேர்த்துவிட்டு, முதுகெல்லாம் பிரம்படித் தழும்போடு மகனைத் திரும்பப் பெற்றதை நான் நேரில் பார்த்தேன். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலையையும் நோய் என்றே சொல்கிறது. நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடுக்கிறது. உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. அடிக்கிற இடம் சிகிச்சை இடம் அல்ல. அப்படி ஒன்றைப் பார்த்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள், புகார் கொடுங்கள், தலை குனியாதீர்கள்.

போலீஸ் பயமும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று நண்பன் விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஓடுகிறார்கள். போதைப் பொருள் சட்டம் 1985-லேயே வந்தது. அதில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதை உட்கொண்ட குற்றமோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்ட நோயாளி, தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற மையத்தில் சிகிச்சை எடுத்து அதை முடித்தால், அவர் மேல் வழக்கு நடத்த முடியாது. எத்தனை காவலருக்கு இது தெரியும்? எத்தனை வக்கீலுக்குத் தெரியும்? உனக்குத் தெரியட்டும் தம்பி. சட்டமே உனக்கு ஒரு கதவு வைத்திருக்கிறது.

பெண்கள் நிலை இதைவிட மோசம். 'பொம்பளப் பிள்ளைக்கா?' என்ற ஒரே கேள்வியில் அவளுக்கு எல்லாக் கதவும் சாத்தப்பட்டுவிடுகிறது. பல மையங்களில் பெண்ணுக்கு இடமே இல்லை. தங்கச்சி, உனக்கும் இந்த நோய் நோய்தான். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீ நேராகப் போகலாம். உன் ரகசியத்தைக் காப்பது அங்கே சட்டப்படி அவர்கள் கடமை.

சாந்தி ரங்கநாதனைப் பலருக்குத் தெரிந்திருக்கும். குடி நோய்க்குத் தன் கணவரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்த பெண். செல்வாக்கான குடும்பம். "மாரடைப்பு" என்று சொல்லிவிட்டு வாழ்நாள் முழுக்க வாய் மூடி இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் வாயைத் திறந்தார். அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்து வந்து, 1980-ல் சென்னையில் கணவர் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கி, போதை நோய்க்கென்று மருத்துவமனை நடத்தினார். குடியோடு மற்றப் போதைகளுக்கும் அங்கே சிகிச்சை. கணவர் எதனால் செத்தார் என்பதை ஊரறியச் சொல்லி, அந்தப் பெயரையே பலகையில் எழுதி மாட்டிய துணிச்சல் இருக்கிறதே, நான் மேடையில் முழங்கிய எந்தத் தன்னம்பிக்கையும் அதற்கு உறைபோடக் காணாது.

இப்போது உன்னிடம் நேராக வருகிறேன் தம்பி. இதைப் படிக்கும் இந்த நேரத்தில்கூட உன் பையில் அந்த அட்டை இருக்கலாம். நீ கேவலமானவன் இல்லை. உன் மூளை நோய்ப்பட்டிருக்கிறது. அதற்கு மருந்து இருக்கிறது. இன்றைக்கே யாராவது ஒருவரிடம் சொல். அம்மாவிடம் முடியாவிட்டால் அக்காவிடம். அக்காவிடம் முடியாவிட்டால் 14446-க்கு அடி. மத்திய அரசின் இலவச உதவி எண், காசு கேட்காது. தமிழ்நாட்டில் 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 25 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள் திறந்திருக்கிறார்கள். போய் நில். "மாத்திரைச் சிகிச்சை உண்டா டாக்டர்?" என்று கேள். கேட்பது உன் உரிமை. ஒருமுறை விழுந்தால் மறுபடி போ. மூன்றாம் முறை விழுந்தால் நான்காம் முறை போ. மீளும் வரைக்கும், அதுவரைக்கும் தனியாக மட்டும் இருக்காதே. கதவைச் சாத்திக்கொள்ளாதே. மூச்சு நிற்கும்போது உன்னைப் பார்க்க ஒரு கண் வேண்டும், 108-ஐ அழுத்த ஒரு விரல் வேண்டும்.

மருந்துக்கடை நடத்தும் அண்ணாச்சி, சீட்டில்லாமல் அந்த அட்டையை நீட்டும் கையை நிறுத்துங்கள். அதே கையால் நலோக்சோன் வாங்கி வைக்க உங்கள் சங்கத்தில் பேசுங்கள். டாக்டர் ஐயா, "இந்தக் கேஸெல்லாம் இங்க வேண்டாம்" என்று சீட்டைத் திருப்பித் தராதீர்கள். உங்கள் வாசல் வரை வர அவனுக்கு எத்தனை மாதம் ஆனதோ. சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களே, நலோக்சோனை ஆம்புலன்ஸிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், காவல் ரோந்து வண்டியிலும், ஓவர்டோஸில் விழுந்த பிள்ளையின் தாய் கையிலும் கொண்டுவந்து கொடுங்கள். தீயணைப்புக் கருவியை மாட்டி வைத்ததால் எந்தக் கட்டடமும் தீப்பிடித்ததில்லை.

அம்மா, அப்பா, கடைசியாக உங்களிடம். அந்த மெக்கானிக் பையனின் அப்பா இப்போது தெருவில் ஒரு வேலை செய்கிறார். இப்படிப் பிள்ளை இருக்கிற வீடு என்று காதில் விழுந்தால், தானே போய்க் கதவைத் தட்டுகிறார். "எம் பையனுக்கு ஹார்ட் அட்டாக் இல்ல. ஊசி போட்டுச் செத்தான்" என்று வாசலில் நின்றபடியே சொல்லித்தான் பேச்சையே தொடங்குகிறார். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போகிறார். மூன்று பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறார். ஒருவன் இப்போது புப்ரனார்ஃபினில் இருக்கிறான், வேலைக்குப் போகிறான்.

போகிற வீட்டிலெல்லாம் அவர் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். முதல் வேலையாகக் குளியலறைக் கதவின் உள் தாழ்ப்பாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருவார். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்று இரவு படுப்பதற்கு முன்னால் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றுங்கள். 108, 14446 இரண்டு எண்ணையும் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். விடிந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், தெரு பார்க்கப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு நடங்கள்.